சிவனொளிபாதமலை: எங்கள் ஐதீகங்களும் யாத்திரையும் – தெரிந்தவர்கள் எழுதுங்கள்

கடலோரவாசி (வெள்ளவத்தை)

வணக்கம் உறவுகளே. கொழும்பில் எனக்குத் தெரிந்த சைவக் குடும்பங்களில் கார்த்திகை பிறந்தால் சபரிமலைக்கு மாலை போடுகிறவர்கள் இருக்கிறார்கள். பௌர்ணமிக் கிரிவலத்துக்காகச் சென்னைக்கு விமானம் ஏறித் திருவண்ணாமலை போய் வருகிறவர்களும் இருக்கிறார்கள். ஆடி என்றால் கதிர்காமம், அதைச் சொல்லவே தேவையில்லை. ஆனால் சிவனொளிபாதமலைக்கு யாத்திரை போனோம் என்று சொல்கிறவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது. போகிற இளம் பிள்ளைகளும் "ட்ரிப் போனோம்" என்கிறார்கள். இரவோடிரவாக ஏறி, சூரிய உதயத்தைப் படம் பிடித்து, ஹட்டனில் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி விடுகிறார்கள். மேலே யாருடைய பாதத்துக்கு முன்னால் நின்றோம் என்பதை அவர்களுக்கு வீட்டில் ஒருவரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

எனக்கு இது மனதை உறுத்துகிறது. 2,243 மீற்றர் உயரத்தில், வீட்டிலிருந்து ஒரு பகல் பயணத்தில், சிவன் திருவடி பதிந்த மலை என்று பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து சொல்லி வந்த இடம் இருக்கிறது. அதன் கதைகளை யாராவது எழுதி வைக்காவிட்டால் அடுத்த தலைமுறைக்கு அது ஒரு சுற்றுலா இடமாக மட்டும்தான் இருக்கும். அதனால்தான் கேட்கிறேன்: உங்கள் வீட்டில் இந்த மலையைப் பற்றி என்ன சொன்னார்கள்? போகிறபோது என்ன விரதம், என்ன வழக்கம்? யாருக்கு எது தெரியுமோ இங்கே எழுதுங்கள். சண்டை மட்டும் வேண்டாம்.

மலைநாட்டுப்பெண் (கொட்டாஞ்சேனை)

அண்ணா, கொழும்பை வைத்துப் பார்த்தால் நீங்கள் சொல்வது சரி. மலையகத்தில் அப்படி இல்லை. நான் மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்தவள், வேலைக்காகத்தான் கொழும்புக்கு வந்தேன். மார்கழிப் போயாவோடு, அதாவது பௌர்ணமியோடு, சீசன் தொடங்கினால் மலைப்பாதை முழுக்க விளக்குப் போட்டு விடுவார்கள். லயத்து (தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசை) வாசலில் நின்று பார்த்தால் இருட்டில் மலை தெரியாது, அந்த விளக்கு வரிசை மட்டும் வளைந்து வளைந்து வானத்துக்குள் போய் நிற்கும். எங்கள் அப்பாயி கொழுந்து எடுத்து வந்து, கூடையை இறக்கி வைத்துவிட்டு, அந்தத் திசையைப் பார்த்து இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்ட பிறகுதான் அடுப்பு மூட்டுவார்.

அப்பாயி சொன்ன கதை இதுதான். உலகம் உண்டாகிற நேரத்தில் சிவபெருமான் ஆடினார். அந்த ஆட்டத்தில் ஒரு காலைத் தூக்கி, மற்றக் காலை ஊன்றிய இடம் இந்த மலை உச்சி. திருவடி பட்டதும் பாறை இளகி அடையாளத்தை வாங்கிக் கொண்டது. காலையில் மலைக்கு வருகிற வெளிச்சம் முதலில் அந்தப் பாதத்திலிருந்துதான் கிளம்புகிறது, அப்புறம்தான் சூரியன் அதை வாங்கி ஊருக்குக் கொடுக்கிறது என்பார். எழுதப் படிக்கத் தெரியாத மனுஷி. இவ்வளவு வடிவான விளக்கத்தை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை.

வழக்கம் கேட்டீர்களே. போவதற்கு ஒரு கிழமைக்கு முன்பே வீட்டில் மச்ச மாமிசம் கிடையாது. புறப்படுகிற அன்று தோட்டத்து மாரியம்மனுக்குத் தேங்காய் உடைத்து, அங்கே வாங்கிய விபூதியைச் சேலை முந்தானையில் முடிந்து கொள்வார். சீதகங்குல ஆற்றில் குளித்து உடுப்பு மாற்றுவோம். அந்தத் தண்ணீர் மேலில் பட்டால் மூச்சே நின்றுவிடும் போல இருக்கும், ஆனால் குளிக்காமல் மேலே ஏற விடமாட்டார். மேல்முற்றத்துக்குப் போனதும் முந்தானை முடிச்சை அவிழ்ப்பார். குளிரில் விரல் விறைத்துப் போய் முடிச்சு லேசில் அவிழாது, பல்லால் கடித்து இழுப்பார். எங்கள் எல்லோருடைய நெற்றியிலும் நீறு பூசி முடித்த பிறகுதான் பாதம் இருக்கிற இடத்துக்குள் போவோம். உள்ளே துணி போர்த்திய பாதத்துக்கு முன்னால் நாலைந்து விநாடிதான் நிற்கக் கிடைக்கும், பின்னால் வரிசை தள்ளும். அந்த நாலைந்து விநாடிக்காகத்தான் இரவு முழுக்க நடந்தோம் என்று சின்ன வயதிலேயே எனக்கு விளங்கியிருந்தது.

நீறணிந்தவன் (கொச்சிக்கடை)

தங்கை எழுதியது கண்ணைக் கலங்க வைக்கிறது. ஆனாலும் ஒரு கேள்வியை மரியாதையோடு கேட்கிறேன். ஈழத்தில் தேவாரப் பதிகம் பெற்ற தலங்கள் இரண்டு: திருக்கோணேச்சரம், திருக்கேதீச்சரம். அருணகிரிநாதர் கதிர்காமத்தையும் திருகோணமலையையும் பாடினார். சிவனொளிபாதத்துக்கு மூவர் பதிகமும் இல்லை, திருப்புகழும் இல்லை. அதே நேரம் மணிமேகலைக் காப்பியம் இந்த மலையைச் சொல்கிறது, அதுவும் பௌத்தர்கள் வலம் வந்து தொழுகிற மலையாகத்தான் சொல்கிறது. அப்படியென்றால், மற்றவர்கள் தொன்றுதொட்டுக் கும்பிட்டு வந்த ஓரிடத்துக்கு நாங்கள் பிற்காலத்தில் ஒரு சிவன் கதையைக் கட்டி விட்டோமா? தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகத்தான் கேட்கிறேன்.

சீதாவாக்கை (அவிசாவளை – கொழும்பு)

நீறணிந்தவன் ஐயா கேட்டது நல்ல கேள்வி. கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், பொறுமையாக வாசியுங்கள்.

பதிகம் இல்லை என்பது உண்மை. ஆனால் பதிகம் இல்லை என்பதற்காகச் சைவர்கள் அங்கே போகவில்லை என்று ஆகாது. 1344 அளவில் மொரோக்கோ நாட்டுப் பயணி இபுன் பதூதா இலங்கைக்கு வந்தார். புத்தளத்தில் இறங்கி யாழ்ப்பாண அரசர் ஆரியச்சக்கரவர்த்தியைச் சந்தித்தார். "உங்களுக்கு என்ன வேண்டும்" என்று அரசர் கேட்க, ஆதம் பாதம் பார்க்க வேண்டும் என்றார் இவர். இதே மலைப் பாதத்தைத்தான் இஸ்லாமியர் அப்படிச் சொல்வார்கள். அரசர் ஒரு பல்லக்கும், அதைச் சுமக்க ஆட்களும் கொடுத்து, துணைக்குச் சிலரையும் கூட அனுப்பினார். அந்தத் துணையில் யார் இருந்தார்கள் என்பதுதான் எங்களுக்கு முக்கியம். வருஷா வருஷம் அந்தப் பாதத்துக்கு யாத்திரை போகிற நான்கு யோகிகளும், மூன்று பிராமணர்களும் அதில் இருந்தார்கள் என்று அவரே எழுதி வைத்திருக்கிறார். அதாவது 14ஆம் நூற்றாண்டில், தமிழ் அரசரின் அரண்மனையில், மலைக்கு வழி தெரிந்த யோகிகள் ஆயத்தமாக இருந்தார்கள். ஒரு முறை போய் வந்தவர்கள் இல்லை, ஒவ்வொரு ஆண்டும் போகிறவர்கள். இதை எழுதியவர் இஸ்லாமியர், எங்களுக்காகப் பொய் சொல்ல வேண்டிய தேவை அவருக்கு இல்லை.

அடுத்தது சீதாவாக்கை இராச்சியத்தின் முதலாம் இராஜசிங்கன், 1581 முதல் 1593 வரை ஆண்டவன், போர்த்துக்கேயரைக் கொழும்புக் கோட்டைக்குள்ளேயே முடக்கி வைத்த அரசன். மகாவம்சத்தின் பிற்பகுதி அவனைப் பற்றிக் கோபமாகப் பேசுகிறது. தந்தையைக் கொன்ற பாவம் தீர வழி உண்டா என்று பிக்குகளிடம் கேட்டானாம், அவர்கள் இல்லை என்றார்களாம். சைவர்கள் தீர்த்து வைப்போம் என்றதும் அவன் உடம்பில் நீறு பூசிக் கொண்டு சைவனாகி, இந்த மலையையும் அதன் வருமானத்தையும் சிவனடியார்களிடம் கொடுத்தானாம். தந்தையைக் கொன்ற கதையை வரலாற்றாசிரியர்கள் எல்லோரும் ஏற்பதில்லை, அது ஒரு பக்கம் இருக்கட்டும். சைவர்கள் மேல் வெறுப்போடு எழுதிய ஒரு நூலே மலை சைவ அடியார் கையில் இருந்தது என்று ஒப்புக்கொள்கிறது. எனக்கு அது பெரிய சாட்சி. 18ஆம் நூற்றாண்டில் கண்டி அரசன் கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் காலத்தில்தான் பொறுப்பு மறுபடியும் பிக்குகளிடம் போனது. அந்த அரசனும் நாயக்கர் வம்சத்தவன், தென்னிந்தியாவிலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளை என்பதையும் நினைவில் வைத்துக் கொள்ளுங்கள்.

அந்தச் சிவனடியார்களான ஆண்டிகளின் சுவடு இன்றைக்கும் இருக்கிறது. இரத்தினபுரிப் பாதையில் ஏறினால் ஆண்டியாமலதென்ன என்று ஓரிடம் வரும். ஓர் ஆண்டி இறந்துபோன வெளி என்று சிங்கள யாத்திரிகர்களே காட்டுவார்கள். பெயர் தெரியாத ஒரு சிவனடியார் அந்தக் குளிரில் மலையிலேயே உயிரை விட்டிருக்கிறார். நான் அந்த இடத்தைக் கடக்கும்போது ஒரு நிமிடம் நின்று கும்பிடாமல் போவதில்லை.

கொழும்பிலிருந்து ரோட்டால் ஹட்டன் போகிறவர்கள் எங்கள் ஊரைத் தாண்டித்தானே போக வேண்டும். அவிசாவளையில் சீதாவாக்கை ஆற்றங்கரையில் பெரெண்டி கோயில் இடிபாடு இருக்கிறது. அதே இராஜசிங்கன் வைரவருக்காக எழுப்பிய கருங்கல் கோயில் அது. இன்றைக்கு மேடையும் அடித்தளமும் சில தூண் துண்டுகளும்தான் மிச்சம். கல்லில் செதுக்கிய வேலைப்பாட்டைக் கையால் தடவிப் பார்க்கலாம், அவ்வளவு நுணுக்கம். மலைக்குப் போகிற வழியில் அரை மணித்தியாலம் இறங்கிப் பாருங்கள். மலைக்கும் சைவத்துக்கும் என்ன தொடர்பு என்ற கேள்விக்குப் பாதிப் பதில் அங்கே கிடைக்கும்.

நீறணிந்தவன் (கொச்சிக்கடை)

நன்றி ஐயா. யோகிகள் செய்தி எனக்குப் புதிது. அப்படியென்றால் பௌத்தர்களின் உரிமை பற்றி என்ன சொல்கிறீர்கள்?

சீதாவாக்கை (அவிசாவளை – கொழும்பு)

அவர்களுக்கு அது புத்தர் பாதம். அந்த வழிபாடும் மிகப் பழையது, அதில் சந்தேகமே வேண்டாம். சிங்கள அரசன் முதலாம் விஜயபாகு 1055 முதல் 1110 வரை ஆண்டவன். யாத்திரிகர்களுக்கு அன்னமிடுவதற்காகக் கிலிமலை ஊரைத் தானம் கொடுத்தான். சோழரைப் பொலன்னறுவையிலிருந்து துரத்திய அதே விஜயபாகுதான். ஒரு மலையை இரண்டு கூட்டம் கும்பிட்டால் ஒரு கூட்டம் பொய் சொல்கிறது என்று அர்த்தமில்லை. நான் வரலாற்றைச் சொன்னது பங்கு கேட்பதற்காக இல்லை. எங்கள் பிள்ளைகள் அங்கே விருந்தாளியைப் போலக் கூச்சத்தோடு நிற்கக் கூடாது, அதற்காகத்தான்.

கொம்பனித்தெருவான்

வணக்கம் நண்பர்களே. இந்த இழையை வாசித்துக் கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. எங்கள் வீட்டில் அது பாவாதமலை. ஆதம் நபி சுவர்க்கத்திலிருந்து இறக்கப்பட்டபோது முதலில் கால் வைத்த இடம், செய்த தவறுக்காக ஒற்றைக் காலில் நின்று நெடுங்காலம் அழுது மன்னிப்புக் கேட்ட இடம் என்று வாப்பும்மா சொல்லித் தந்தார். அந்தக் கண்ணீர்தான் மலையில் மாணிக்கக் கல்லாக விளைந்தது என்று ஒரு கதையும் சொல்வார். இரத்தினபுரியில் கல் வியாபாரம் செய்த எங்கள் பெரியவர்களுக்கு அந்தக் கதை மேல் தனிப் பிரியம்.

இபுன் பதூதாவை நீங்கள் இங்கே கொண்டு வந்தது மகிழ்ச்சி. அவர் இன்னொன்றும் எழுதியிருக்கிறார். மலைக்கு இரண்டு பாதை, ஒன்று பாபா பாதை, மற்றது மாமா பாதை. ஆதம் ஒன்று, ஹவ்வா ஒன்று. பாபா பாதை கடினமானது, மாமா பாதை இலேசானது. இலேசான வழியால் ஏறி வந்தவனை யாத்திரை செய்தவனாக ஆட்கள் கணக்கில் எடுப்பதில்லையாம். பாறையில் பதித்த இரும்புச் சங்கிலிகளைப் பிடித்துத்தான் ஏற வேண்டும் என்றும், கடைசிச் சங்கிலிக்குக் கலிமாச் சங்கிலி என்று பெயர் என்றும் சொல்கிறார். கலிமா என்பது எங்கள் விசுவாச உறுதிமொழி. அந்த இடத்தில் நின்று கீழே பார்த்தால் பயத்தில் வாய் தானாகக் கலிமா சொல்லும். அவருக்கு அரை நூற்றாண்டுக்கு முன்னால் மார்க்கோ போலோவும் அந்தச் சங்கிலிகளைச் சொல்லியிருக்கிறார்.

அந்த அரசர் அனுப்பிய யோகிகள் ஒரு முஸ்லிமைக் கூட்டிக் கொண்டு, அவருக்கு ஆதம் நபியின் பாதமாகவும் தங்களுக்குச் சிவன் பாதமாகவும் இருந்த ஒரே கல்லுக்குப் போயிருக்கிறார்கள். வழி நெடுக ஒன்றாகச் சாப்பிட்டு, ஒன்றாகத் தங்கியிருப்பார்கள். இதை நினைக்கும்போது எனக்கு நெஞ்சு நிறைகிறது.

மலைநாட்டுப்பெண் (கொட்டாஞ்சேனை)

கொம்பனித்தெரு நானா, எங்கள் பழைய மஸ்கெலியாவைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும். 1969இல் மவுஸ்ஸாகலை நீர்த்தேக்கம் கட்டியபோது பழைய டவுன் அப்படியே தண்ணீருக்குள் போய்விட்டது. கடும் வெயில் காலத்தில் நீர் வற்றினால் பழைய கோயில், விகாரை, பள்ளிவாசல் மூன்றும் சேற்றுக்குள்ளிருந்து வெளியே வரும். அப்போது தோட்டத்து ஆட்கள் இறங்கிப் போய்ப் பூ வைத்துக் கும்பிட்டு வருவார்கள். மலைக்குப் போகிற பஸ் அந்த நீர்த்தேக்கத்தின் ஓரமாகத்தான் போகிறது. அந்த இடத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.

கடலோரவாசி (வெள்ளவத்தை)

இவ்வளவு செய்தி வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. எல்லோருக்கும் நன்றி. என் பங்குக்கு, ஒரு சைவனாக இந்த மலை எனக்கு ஏன் இவ்வளவு பெரியது என்பதைச் சொல்கிறேன்.

திருவண்ணாமலைக் கதை எல்லோருக்கும் தெரியும். சோதிப் பிழம்பாக நின்ற இறைவனின் முடியைத் தேடிப் பிரமன் அன்னமாகப் பறந்தான், அடியைத் தேடித் திருமால் பன்றியாகப் பூமியைத் தோண்டினான். இருவரும் காணவில்லை. திருமாலே தேடித் தேடிக் காணாத அடி அது. அதே அடியை ஒரு தோட்டத் தொழிலாளிப் பெண்மணி மலை ஏறிப் போய்க் கண்ணாரக் கண்டு வருகிறார் என்று எங்கள் மரபு நம்புகிறது. தேடினால் கிடைக்காதவர், இரங்கித் தானாகவே ஒரு கல்லில் பாதத்தை வைத்துக் கொடுத்திருக்கிறார். இந்த இரண்டு மலையையும் ஒரே கதையின் முன்பாதி, பின்பாதி என்று நான் நினைத்துக் கொள்வேன். யாரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை, ஏறும்போது மனதில் வந்தது.

சைவத்தில் திருவடிக்கு இருக்கிற இடத்தையும் பாருங்கள். திருநாவுக்கரசர் இறைவனிடம் கேட்டது பொன்னும் இல்லை, பதவியும் இல்லை, திருவடியைத் தலையில் வைக்க வேண்டும் என்றுதான் கேட்டார். சோழநாட்டு நல்லூரில் அது கிடைத்தது. சிவபுராணம் ஓதுகிறவர்களுக்குத் தெரியும், தொடக்கத்தில் வரி வரியாகத் தாளுக்கும் அடிக்கும் கழலுக்கும்தான் வாழ்த்து. அதை வீட்டில் சாமி அறையில் இருந்து ஓதுவது ஒன்று. விடியப்புறத்தில், கால் நடுங்க நடுங்க, அடுத்த படி தெரியாத பனியில் ஓதிக் கொண்டே ஏறுவது வேறு. ஒவ்வொரு அடிக்கும் ஒரு படி என்று எனக்குத் தானாகவே ஒத்துப் போகும். படிகள் ஐயாயிரத்துக்கு மேல் இருக்கின்றன, சிவபுராணம் பல தடவை முடிந்து மறுபடி தொடங்கும்.

இன்னொன்று. மலையிலிருந்து இறங்குகிற மஸ்கெலி ஓயா, கெஹெல்கமு ஓயாவோடு சேர்ந்து களனி கங்கையாகிறது. அந்தக் களனித் தண்ணீரைத்தான் அம்பத்தளையில் சுத்திகரித்துக் கொழும்புக்கு அனுப்புகிறார்கள். மகாவலியும் களு கங்கையும் வளவை கங்கையும் இதே மலைத்தொகுதியில்தான் பிறக்கின்றன. வெள்ளவத்தையில் குழாயைத் திறந்தால் வருவதும் திருவடியைத் தழுவி வந்த தீர்த்தம்தான். மலைக்கே போகாதவரும் தினமும் அதைத்தான் குடிக்கிறார். இதைச் சொன்ன நாளிலிருந்து என் மகன் பல் துலக்கும்போது குழாயைத் திறந்து விட்டுவிட்டு நிற்பதில்லை.

செட்டியார்தெரு_வேலன்

எல்லாம் சரி, ஆனால் ஒன்றை விட்டுவிட்டீர்கள். இவ்வளவு ஆதாரம் இருக்கும்போது உச்சியில் எங்களுக்கு என்ன இருக்கிறது? ஒரு சிவலிங்கமாவது வைக்கக் கேட்க வேண்டாமா? தமிழ் அமைப்புகள் எல்லாம் சேர்ந்து இதைப் பெரிய பிரச்சினையாக எடுக்க வேண்டும்.

கடலோரவாசி (வெள்ளவத்தை)

வேலன் தம்பி, உங்கள் ஆதங்கம் எனக்குப் புரிகிறது. இருந்தாலும் நான் இதற்கு உடன்பட மாட்டேன். அங்கே திருவடியே இருக்கிறது என்று நம்புகிற நாங்கள், அதற்குப் பக்கத்தில் இன்னொன்றை வைத்தால்தான் அது சிவத்தலம் ஆகும் என்று சொன்னால், எங்கள் நம்பிக்கையில்தான் ஏதோ குறை இருக்கிறது. உச்சி மிகச் சிறிய இடம். அதில் ஒரு கல்லை நட்டுவிட்டு, அதைச் சுற்றிப் பொலிஸ் நிறுத்தி, வழக்கு வைத்து, அதற்குப் பிறகு எந்தத் தமிழ்க் குடும்பம் பிள்ளை குட்டியோடு நிம்மதியாக ஏறப் போகிறது? இன்றைக்கு நெற்றியில் நீறோடு போனால் எங்களை ஒருவரும் தடுப்பதில்லை. போகிற வழியில் சிங்கள அம்மாமார் தேத்தண்ணீர் தந்து, "மெதுவா போங்க" என்று தமிழில் சொல்லி அனுப்புகிறார்கள். அதைக் கெடுத்துக் கொள்ள வேண்டாம்.

கேட்க வேண்டியதை எங்கள் வீட்டாரிடம் கேட்போம். கொழும்புக் கோயில்களில் சிவராத்திரி அன்று சொற்பொழிவு வைக்கிறோம். அதில் ஒரு வருஷமாவது இந்த மலையைப் பற்றிப் பேசச் சொல்வோம். அறநெறிப் பாடசாலைப் பிள்ளைகளை வருஷத்துக்கு ஒரு தடவை கூட்டிப் போகச் சொல்வோம். ஆள் போகாத தலத்துக்கு நூறு லிங்கம் வைத்தும் பயனில்லை.

சீதாவாக்கை (அவிசாவளை – கொழும்பு)

கடலோரவாசி சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். வேலன், இராஜசிங்கன் அரச ஆணையால் மலையைச் சைவருக்குக் கொடுத்தான், இன்னோர் அரச ஆணை அதைத் திருப்பி எடுத்தது. ஆணையால் வந்தது ஆணையாலேயே போனது. அந்த நான்கு யோகிகள் எந்த ஆணையும் இல்லாமல் வருஷம் தவறாமல் போனார்கள்.

செட்டியார்தெரு_வேலன்

ஆளே போகாவிட்டால் லிங்கம் எதற்கு என்பது எனக்கும் படுகிறது. ஆனால் கேட்காமல் இருந்தால் நாளைக்குப் பெயரும் போய்விடும் என்ற பயம் எனக்கு இருக்கத்தான் செய்கிறது. பாடசாலைப் பிள்ளைகளைக் கூட்டிப் போகிற ஏற்பாடு நடந்தால் ஒரு பஸ்ஸுக்கான செலவை நான் தருகிறேன்.

நீறணிந்தவன் (கொச்சிக்கடை)

சிங்கள யாத்திரிகர்களின் வழக்கங்கள் பற்றியும் யாராவது சொல்லுங்களேன். பிள்ளைகள் கேட்டால் விளக்க வேண்டும் அல்லவா.

மலைநாட்டுப்பெண் (கொட்டாஞ்சேனை)

எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன் ஐயா. மலையைக் காக்கிற தெய்வம் சமன். வெள்ளை யானை அவருடைய வாகனம். அவரை இராமாயண இலக்குவனோடு சேர்த்துச் சொல்கிற சிங்கள மரபும் உண்டு, அதனால் எங்கள் ஆட்களும் அவரை அந்நியமாக நினைப்பதில்லை. வழியில் இந்திகட்டுபான என்ற இடத்தில் ஊசியில் நூல் கோத்துப் போடுவார்கள். புத்தர் அங்கே உட்கார்ந்து தன் சீவர உடையைத் தைத்தார் என்பது அவர்கள் கதை. அந்த இடத்தில் கிளைகளெல்லாம் வெள்ளை நூல் சுற்றிக் கிடக்கும், விளக்கு வெளிச்சத்தில் சிலந்தி வலை போல மின்னும். முதல் தடவை வருகிறவர்களைச் சிங்களத்தில் "கோடு" என்பார்கள், அவர்களைத் தனியாகக் கவனித்துக் கூட்டிப் போவார்கள். உச்சியில் ஒரு மணி இருக்கிறது. எத்தனையாவது தடவை வந்தீர்களோ அத்தனை தடவை அடிக்க வேண்டும். வயதான ஒருவர் நின்று நிதானமாக அடித்துக் கொண்டே இருந்தால் முழு முற்றமும் அமைதியாகி எண்ணத் தொடங்கிவிடும்.

சூரியன் வந்ததும் எல்லோரும் கிழக்கே பார்ப்பார்கள். நீங்கள் ஒரு தடவை மேற்குப் பக்கமும் திரும்பிப் பாருங்கள். மலையின் நிழல் கூரான முக்கோணமாகப் பனிக்கு மேல் விழுந்து கிடக்கும். கொஞ்ச நேரம்தான், சூரியன் ஏற ஏற அது சுருங்கி மலைக்குள்ளேயே போய்விடும்.

வைகாசிப் போயாவோடு சீசன் முடியும். சமன் சிலையைப் பெரஹராவாக, அதாவது ஊர்வலமாக, இறக்கிப் பெல்மதுளை கல்பொத்தாவெல விகாரையில் வைப்பார்கள். மறுபடி மார்கழியில் மேலே கொண்டு போவார்கள். இடைப்பட்ட மாதங்களில் மழையும் காற்றும் பொல்லாதவை, விளக்கும் கடையும் இருக்காது, அட்டை கடிக்கும். அந்த நேரம் யாத்திரை போக வேண்டாம்.

புதுமுகம் (தெஹிவளை)

அக்கா, இதை வாசித்த பிறகு எங்கள் வீட்டிலும் போக வேண்டும் என்று ஒரே பேச்சு. சிவராத்திரிக்குப் போகலாமா? எந்தப் பாதை நல்லது? அம்மாவுக்கு அறுபத்தைந்து வயது, முழங்கால் வலி. ஆனால் விட்டுவிட்டுப் போனால் மனம் உடைந்து போவார்.

மலைநாட்டுப்பெண் (கொட்டாஞ்சேனை)

தாராளமாகப் போகலாம் தங்கச்சி. சிவராத்திரி மாசியில் வருவதால் எப்போதும் சீசனுக்குள்தான் இருக்கும். இரவு முழுக்கக் கண்விழிக்க வேண்டிய விரதத்துக்கு மலை ஏறுவதை விட என்ன வேண்டும்? போயாத் தினமும் வார இறுதியும் சேர்ந்து வந்தால் மட்டும் தவிருங்கள், உச்சிக்குக் கீழே படியிலேயே மணிக்கணக்கில் நிற்க வேண்டி வரும், விடியலும் போய்விடும்.

பாதை என்றால், முதல் தடவைக்கு ஹட்டன் – மஸ்கெலியா – நல்லதண்ணி வழிதான் சரி. குறுகியது, படியும் கடையும் விளக்கும் உண்டு. கோட்டையிலிருந்து ஹட்டன் வரை கோச்சியில் (ரயிலில்) வந்து, அங்கிருந்து பஸ் பிடிக்கலாம். இரத்தினபுரி – பலாபத்தல வழி பழையது, நீளமானது, கால் பழகியவர்களுக்கு. குருவிட்ட – எரத்ன வழி காட்டுக்குள்ளால் போகும், வடிவான பாதை, ஆனால் அம்மாவுக்கு வேண்டாம்.

அம்மாவைப் பற்றி: அவரைக் கூட்டி வாருங்கள். நல்லதண்ணியிலிருந்து சீதகங்குல வரை சாய்வு குறைவு, ஆறுதலாக நடந்தால் வந்துவிடுவார். அங்கே கை கால் கழுவி, நீறு பூசி, மேலே பார்த்துக் கும்பிடட்டும். எங்கள் அப்பாயியும் கடைசிக் காலத்தில் அதுவரைதான் வந்தார், ஒரு குறையும் நினைக்கவில்லை. அதற்கு மேலே போக ஆசைப்பட்டால் வைத்தியரிடம் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். ஏறும்போது மூச்சுத்தான் வாங்கும், முழங்காலைப் படுத்துவது இறக்கம்தான். அதனால் ஊன்றுகோல் கட்டாயம். அம்மாவோடு ஒருவர் கீழே தங்குவதாக முதலே பேசி வையுங்கள், நடுவழியில் வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

கொண்டு வர வேண்டியது: தடித்த ஜம்பர் ஒன்று, காதை மூடத் தொப்பி, மாற்று உடுப்பு, ரோர்ச், குடிக்கத் தண்ணீர். ஏறும்போது வேர்க்கும் என்று ஜம்பரைக் கீழே விட்டுவிட்டு வருகிறவர்கள் உச்சியில் காற்றில் நடுங்கிப் போகிறார்கள். மேல்முற்றத்தில் செருப்பைக் கழற்ற வேண்டும், கல் பனிக்கட்டி மாதிரி இருக்கும், அம்மா வருவதென்றால் தடித்த காலுறை எடுத்து வாருங்கள். கற்பூரத்தைக் கண்ட இடத்தில் கொளுத்தாதீர்கள், எண்ணெய் விளக்கு ஏற்றுவதற்கென்று இடம் இருக்கிறது. பொலித்தீன் பையில் எதையும் கட்டி வராதீர்கள். அது காப்புக்காடு, 2010இல் உலக மரபுரிமையில் சேர்த்த மத்திய மலைநாட்டின் ஒரு பகுதி. சாப்பாட்டை வாழையிலையில் கட்டுங்கள்.

புதுமுகம் (தெஹிவளை)

மிக்க நன்றி அக்கா. அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். சீதகங்குல வரை கட்டாயம், அதற்கு மேல் அங்கே வந்து சொல்கிறேன் என்கிறார்.

கடலோரவாசி (வெள்ளவத்தை)

தங்கச்சி, சிவராத்திரிக்கு நாங்களும் போகிறோம். வெள்ளவத்தையிலிருந்து ஒரு வான் பிடிக்கலாம் என்று பேச்சு இருக்கிறது. போகும்போது அவிசாவளையில் பெரெண்டி கோயிலில் இறங்குவோம், சீதாவாக்கை ஐயா அங்கே வந்து விளக்கம் சொன்னால் பெரிய உதவி. வர விரும்புகிறவர்கள் இங்கேயே எழுதுங்கள். அம்மாவுக்கு முன் இருக்கை வைத்து விடுகிறேன்.

சீதாவாக்கை (அவிசாவளை – கொழும்பு)

வருகிறேன். பகல் வெளிச்சம் இருக்கும்போதே வந்து சேருங்கள், இருட்டினால் செதுக்கல் வேலை ஒன்றும் தெரியாது.